நாய் வளர்க்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு நாயின் மொழி தெரியுமா?

திருமழிசையில் ஃபஜ்ருத் தொழுகைக்குக் கிளம்புகிறவர்களை முதலில் எதிர்கொள்வது தெருநாய்கள்தான். சிட்கோ தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளர்கள், பால் வண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் விரையும் லாரிகளின் சத்தம், இவற்றுக்கு நடுவே முச்சந்தியில் நான்கைந்து நாய்கள் படுத்திருக்கும். மாலையில் மக்தப் மதரஸாவுக்குப் போகும் பிள்ளைகளும் அதே முச்சந்தியைத்தான் கடக்க வேண்டும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று சென்னையின் மேற்குப் புறநகர் எங்கும் இதே நிலைதான்.

நாயைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு வீட்டில் நாம் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டே விஷயங்கள். "நாயைத் தொடாதே, நஜீஸ்" என்பது ஒன்று. "கிட்டே வந்தால் கல்லை எடு" என்பது மற்றொன்று. முதலாவது மார்க்கச் சட்டத்தைச் சேர்ந்தது, அதில் பிழையில்லை. இரண்டாவதுதான் பிள்ளையை ஆபத்தில் தள்ளுகிறது.

நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளை, நாயின் முகத்தையும் வாலையும் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்கிறது. எப்போது கிட்டே போகலாம், எப்போது விலக வேண்டும் என்பதை யாரும் அதற்குப் பாடம் நடத்துவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் தெருவில் அவனும் தினமும் நாயைச் சந்திக்கிறான். தமிழ்நாட்டில் 2024 ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. அதே ஆண்டில் வெறிநாய்க்கடி நோயால் 43 பேர் இறந்தார்கள். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நாயை வீட்டுக்குள் சேர்க்காதவர்களுக்குத்தான் நாயின் மொழி அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இது நம் மார்க்கத்துக்கு அந்நியமான விஷயமும் இல்லை. கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்த மனிதரின் செய்தியை நாம் எல்லோரும் ஜும்ஆ பயானில் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. தன் காலணியில் தண்ணீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு மேலே ஏறி, நாய்க்குப் புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். வழக்கமாக நாம் அந்தத் தண்ணீரைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியுமே பேசுகிறோம். அதற்கு முன்பு அவர் என்ன செய்தார் என்பதைக் கவனித்துப் பாருங்கள். அந்த நாய் அவரிடம் வந்து எதையும் கேட்கவில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது, தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான், சற்று முன்பு தனக்கு இருந்த அதே தாகம் இதற்கும் இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். பனூ இஸ்ராயீல் சமூகத்தைச் சேர்ந்த அந்தப் பெண்ணின் செய்தியிலும் அப்படித்தான். கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்த நாயின் நிலையைப் பார்த்து, அது தாகத்தால் சாகப்போகிறது என்று அவள் கண்டுகொண்டாள். இருவரும் முதலில் செய்த காரியம் ஒரு வாயில்லா ஜீவனின் உடலைப் படித்ததுதான்.

அபூதாவூதில் வரும் இரண்டு செய்திகளும் இதே ரகம். அன்சாரி ஒருவரின் தோட்டத்துக்கு நபி (ஸல்) அவர்கள் போனபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைப் பார்த்து முனகிக் கண்ணீர் விட்டது. அவர்கள் அதன் தலையைத் தடவி அமைதிப்படுத்திய பிறகு உரிமையாளரை அழைத்து, நீர் இதைப் பட்டினி போட்டு அதிகமாக வேலை வாங்குவதாக இது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். இன்னொரு பயணத்தில், குஞ்சுகளைப் பறிகொடுத்த சிறு பறவை ஒன்று சிறகை விரித்துத் துடித்தது. அதைக் கண்டதும், இதன் குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். சூரா அல்கஹ்ஃபில் குகைத் தோழர்களுடைய நாயைப் பற்றிச் சொல்லும்போது, அது வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நிலையைக் குர்ஆன் குறிப்பிட்டுக் காட்டுகிறது. 9 ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், தன் 'கிதாபுல் ஹயவான்' நூலில் நாய்க்காக ஒருவரும் சேவலுக்காக ஒருவரும் வாதிடுவதாக நீண்ட விவாதமே எழுதி வைத்திருக்கிறார். நாயைக் கவனித்துப் பார்ப்பது நம் முன்னோர்களுக்குப் புதிதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணால், கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் எச்சில்தான் நஜீஸ். காய்ந்த உடலோ உடையோ காய்ந்த நாயின் மேல் உரசினால் நஜீஸ் ஒட்டாது என்பதே இரு மத்ஹபின் நிலையும். வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் விவசாயக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸிலேயே அனுமதி இருக்கிறது. விரிவான மஸ்அலாவை உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாய் பக்கத்தில் வந்தாலே உளூ போய்விடும் என்று பதறி ஓடும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பதற்றம் தேவையற்றது. உளூவை முறிக்கும் காரியங்களில் நாய் பக்கத்தில் வருவது இல்லை. ஆனால் அந்த ஓட்டம்தான் நாயைத் துரத்த வைக்கிறது.

இனி நாயிடம் வருவோம்.

நாயின் உணர்ச்சிகளை முதன்முதலில் முறையாக எழுதியவர்களில் ஒருவர் டார்வின். அவருடைய பரிணாமக் கொள்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை என்பது வேறு விஷயம். 1872 இல் வெளிவந்த நூலில் அவர் பதிந்த ஒரு கவனிப்பு இன்றும் பயன்படுகிறது: சண்டைக்கு நிற்கும் நாய் தன்னைப் பெரிதாக்கிக் காட்டும், அன்போடு வரும் நாய் தன்னைச் சிறிதாக்கிக் காட்டும். சண்டை நாயின் உடல் நிமிர்ந்து விறைக்கும், வால் மேலே கம்பி போல் நிற்கும், முதுகு மயிர் சிலிர்க்கும், பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கும். அன்பாக வரும் நாயின் உடல் நெளியும், தலை தாழும், காது பின்னால் சாயும், இடுப்பும் வாலும் சேர்ந்து ஆடும். ஒரு பிள்ளைக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுக்க முடியும் என்றால் இதைச் சொல்லிக் கொடுங்கள்: நாயின் உடம்பு இளகியிருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று பார்.

இது ஏன் முக்கியம் என்றால், நம்மில் பெரும்பாலோர் வாலை மட்டும் பார்த்து ஏமாறுகிறோம். வால் ஆட்டினால் நாய்க்குச் சந்தோஷம் என்பது பாதி உண்மை. வால் ஆடினால் நாயின் மனம் கிளர்ந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். தளர்வாக, அகலமாக, இடுப்போடு சேர்ந்து ஆடினால் அது சிநேகம். முதுகு மட்டத்துக்கு மேலே விறைத்து நின்று, நுனி மட்டும் படபடவென்று துடித்தால் அது எச்சரிக்கை. கால்களுக்கு நடுவே செருகியிருந்தால் பயம். 2007 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 வளர்ப்பு நாய்களை வைத்துப் பார்த்ததில், எஜமானரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்தது, மிரட்டும் தோரணையில் இருந்த அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. அல்லாஹ்வின் படைப்பில் எவ்வளவு நுட்பம்! ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் தராவீஹ் முடிந்து வருகிறவர் நின்று இடமா வலமா என்று அளந்து கொண்டிருக்க முடியாது. விறைப்பையும் உயரத்தையும் பார்த்தால் போதும்.

முகத்தில்தான் குழந்தைகள் அதிகம் தவறுகிறார்கள். பிரிட்டனில் லிங்கன் பல்கலைக்கழகத்தின் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் சிறு குழந்தைகளுக்கு நாய்களின் காட்சிகளைக் காட்டி ஆராய்ந்தார். பல்லைக் காட்டிச் சீறும் நாயை, சிரிக்கிறது என்று பல குழந்தைகள் சொல்லின. காரணம் எளிது. மனிதர்களில் பல் தெரிந்தால் சிரிப்பு. குழந்தைக்குத் தெரிந்த முகம் அதுதான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் இயல்பு. கார்ட்டூனில் நாய் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் இதற்குத் துணை போகிறது. உதடு மேலே சுருண்டு, மூக்கின் மேல் மடிப்பு விழுந்து, முன்பற்கள் தெரிந்தால் அது சிரிப்பு இல்லை, கடைசி எச்சரிக்கை என்று வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும். நாய்க்கு உண்மையில் நிம்மதி என்றால் வாய் லேசாகத் திறந்திருக்கும், நாக்கு தளர்ந்து தொங்கும், கண் சுருங்கி மிருதுவாக இருக்கும்.

எச்சரிக்கை வருவதற்கு முன்பே நாய் பல தடவை கெஞ்சியிருக்கும். அதைத்தான் நாம் பார்ப்பதில்லை. பக்கத்தில் சாப்பாடு எதுவும் இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்ளும். தூக்கம் வராதபோது கொட்டாவி விடும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் நம் மேல் வைக்கும்; அப்போது கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இவை எல்லாமே, எனக்குச் சங்கடமாக இருக்கிறது, தள்ளிப் போ என்று சொல்லும் விதங்கள். அதற்கும் மேலே போனால் சட்டென்று உறைந்து நிற்கும், பிறகு உறுமும். உறுமலைக் கேட்டு நாம் கோபப்படுகிறோம். உண்மையில் கடிக்காமல் தப்பிக்க நாய் கையாளும் வழி அது. உறுமும் நாயை அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

குரைப்பும் ஒரே மாதிரி இல்லை. ஹங்கேரியில் நடந்த ஆய்வுகளில், நாயே வளர்க்காதவர்களும் பதிவுசெய்த குரைப்பை மட்டும் கேட்டு அது அந்நியரை விரட்டுகிறதா, தனியாகக் கிடந்து அழுகிறதா, விளையாடுகிறதா என்று ஓரளவு சரியாகச் சொன்னார்கள். தாழ்ந்த குரலில் இடைவெளியில்லாமல் தொடர்ந்து வந்தால் விரட்டல். உச்சக் குரலில், விட்டு விட்டு, ஒவ்வொன்றாக வந்தால் தனிமை. ராத்திரி முழுவதும் அப்படி ஒற்றைக் குரலில் கத்தும் நாயைப் பார்த்து அபசகுனம் என்று சிலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது கட்டிப்போட்ட நாயாக இருக்கும், அல்லது வழி தவறிய குட்டியாக இருக்கும்.

தப்பு செய்த நாய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பதாக வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009 இல் இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயும் எஜமானர் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. அது குற்ற உணர்ச்சி அன்று, நம் கோபத்துக்குக் காட்டும் பணிவு. கம்பெனி வாசலில் காவல் நாய் வைத்திருக்கும் சகோதரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் அநாவசிய அடி குறையும்.

மேலே சொன்ன ஆய்வுகளில் பல, வெளிநாட்டு வீட்டு நாய்களை வைத்து நடந்தவை. நம் தெருவில் இருப்பது வேறு நாய் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனத்தில், பேராசிரியர் அனிந்திதா பத்ராவின் குழுவினர் பல ஆண்டுகளாக இந்தியத் தெருநாய்களை மட்டுமே ஆராய்ந்து வருகிறார்கள். 2020 இல் வெளியான அவர்களுடைய ஆய்வு ஒன்றில், நகரத் தெருக்களில் தனியாக நின்ற 160 நாய்களின் முன் இரண்டு கிண்ணங்களை வைத்து, முன்பின் தெரியாத ஒரு மனிதர் ஒரு கிண்ணத்தை விரலால் சுட்டிக் காட்டினார். ஏறத்தாழப் பாதி நாய்கள் பயந்து பக்கத்திலேயே வரவில்லை. வந்தவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம், சுட்டிய கிண்ணத்துக்கே சரியாகப் போயின. எந்தப் பயிற்சியும் பெறாத தெருநாய்க்கு மனிதனின் கையசைவு புரிகிறது. அதே குழுவின் 2017 ஆம் ஆண்டு ஆய்வில், அந்நியர் ஒருவர் திரும்பத் திரும்ப உணவு கொடுத்ததைவிட, தலையில் தடவிக் கொடுத்ததுதான் தெருநாய்களின் நம்பிக்கையை அதிகம் பெற்றது.

தடவிக் கொடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நாயைத் தொடாமல் இருப்பது நம் வழக்கம், அப்படியே இருக்கட்டும். இந்த ஆய்வில் எனக்குப் பட்டது வேறு. அந்தப் பாதி நாய்கள் ஏன் பக்கத்திலேயே வரவில்லை? பலவும் மனிதக் கையிலிருந்து வந்தது கல் என்பதைப் பழகித் தெரிந்துகொண்ட நாய்களாக இருக்க வேண்டும். குனிந்து தரையில் கை வைத்தாலே நம் ஊர் நாய்கள் பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் அதன் மொழியைக் கற்கவில்லை, அது நம்முடையதைக் கற்றுவிட்டது. கல்லடி பட்ட நாய்க்கு ஓடிவரும் சிறுவன் யாராக இருந்தாலும் எதிரிதான். ஒரு பையன் எறிந்த கல்லுக்கு, அடுத்த நாள் அந்த வழியே மதரஸாவுக்குப் போகும் சிறுமி பதில் சொல்ல வேண்டியதாகிறது.

நம் வாழ்க்கை முறையில் சில நேரங்களில் நாய்களோடு உரசல் கூடுகிறது. ஃபஜ்ருக்கும், ரமளானில் ஸஹர் நேரத்துக்கும் தெரு காலியாக இருக்கும். அந்த நேரத்தில் தெரு தங்களுடையது என்று நாய்கள் நினைக்கின்றன. இருட்டில் காற்றில் படபடக்கும் புர்கா, ஜிப்பா, குடை, ஹெல்மெட் போட்ட தலை, இவையெல்லாம் மனித உருவத்தை நாய்க்கு விசித்திரமாக்கிக் காட்டும். குரைப்பில் பாதிக்கு இதுதான் காரணம். சாதாரணக் குரலில் ஏதாவது பேசிக்கொண்டோ, ஸலவாத் ஓதிக்கொண்டோ நடந்தால், வருவது மனிதர் என்பது அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்த குரல் என்றால் படுத்த இடத்திலிருந்தே வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உறங்கிவிடும்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று குர்பானி இறைச்சியைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புகிறோம். கையில் தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட ஏழு வயதுப் பையன் நடந்து போகிறான். பின்னால் நான்கு நாய்கள். அவை அவனைத் தாக்க வரவில்லை, பையை மோப்பம் பிடித்து வருகின்றன. பயந்து அவன் ஓடினால் அல்லது பையைத் தலைக்கு மேல் தூக்கினால் நாய் பாயும். மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுப் பெரியவர்களே கொண்டு போகலாம். கழிவைத் தெருமுனையில் கொட்டினால் ஒரு வாரத்துக்கு அந்த முனையில் நாய்ச் சண்டை நடக்கும். அதைக் குழி தோண்டிப் புதைப்பது ஜமாஅத் நிர்வாகிகளின் பொறுப்பு.

குட்டி போட்ட தாய் நாய் தனி ரகம். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் புறநகர்த் தெருக்களில் குட்டிகள் அதிகம் தென்படும். கட்டாத மனையிலோ ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலோ குட்டி முனகும் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடிப் போய்ப் பார்ப்பார்கள். அதுவரை சாதுவாக இருந்த நாய் அன்று கடிக்கும். குஞ்சை இழந்த அந்தப் பறவையின் துடிப்புதான் இதுவும். நான்கைந்து வாரம் அந்தப் பக்கம் போகாமல் வேறு வழியாக அனுப்புங்கள்.

நாய் நேருக்கு நேர் வந்துவிட்டால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? மரம் போல் நிற்க வேண்டும். கைகளை உடம்போடு சேர்த்து மடக்கிக்கொள்ள வேண்டும். கத்தக்கூடாது, நாயின் கண்ணையே உற்றுப் பார்க்கக்கூடாது, தரையைப் பார்த்தால் போதும். ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. நிற்கும் பொருள் அதற்குச் சீக்கிரம் சலித்துவிடும். அது விலகியதும் மெதுவாகப் பக்கவாட்டில் நகர வேண்டும், முதுகைக் காட்டித் திரும்பி ஓடக்கூடாது. கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். பைக்கில் போகும்போது துரத்தினால் ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் வேகத்தைக் குறையுங்கள். பயத்தில் வேகமெடுத்து விழுந்தவர்களுக்கு ஏற்படும் காயம் பல நேரம் நாய்க்கடியை விட மோசமானது. இதை வீட்டுக்கூடத்தில் ஒரு விளையாட்டைப் போல நான்கு தடவை நடித்துப் பழக்குங்கள். சொல்லி மட்டும் விட்டால் நாயைக் கண்டதும் மறந்துவிடும்.

வெறிநோய் பிடித்த நாயின் உடல் வேறு மாதிரிப் பேசும். பழகிய நாய் திடீரென்று யாரையும் அடையாளம் தெரியாதது போல் நடக்கும். காரணமில்லாமல் கல்லையும் கட்டையையும் கடிக்கும், குரல் கரகரத்து மாறும், பின்னங்கால் தள்ளாடும், எச்சில் வழியும். வேறொரு வகை இன்னும் ஏமாற்றும்: நாய் அமைதியாக ஒரு மூலையில் ஒதுங்கும், கீழ்த்தாடை தொங்கிவிடும், தொண்டையில் எலும்பு சிக்கியது போல் தோன்றும். இரக்கப்பட்டு வாய்க்குள் கை விடக்கூடாது. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது நோய் முற்றிய மனிதருக்கு வரும் அறிகுறி. நாய்க்கு அது இல்லை. நாய் தண்ணீர் குடிக்கிறது, எனவே வெறி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

கடித்துவிட்டால், அல்லது நகம் கீறி லேசாக ரத்தம் வந்தாலும், அல்லது புண்ணில் நாயின் எச்சில் பட்டாலும், உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். பாத்திரத்துக்குச் சொன்ன மண் சட்டத்தை நினைத்துக் காயத்தில் மண் தேய்க்கக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், கட்டுப் போடவும் வேண்டாம். உடையின் சுத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பூந்தமல்லி அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள், தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாட்கள் என்று நான்கு முறை போக வேண்டும். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்திலேயே செலுத்த வேண்டும். போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். நோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை என்பதை நினைவில் வைத்து நான்காவதையும் போட்டுக்கொள்ளுங்கள். ரமளானில் கடிபட்டால் நோன்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். இத்தகைய ஊசியால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. கடித்தது தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய் என்றாலும் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிவைக்காதீர்கள். நாயை 10 நாள் கவனிப்பது சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டியது. சிகிச்சைக்குப் பதிலாக அன்று.

அக்னி நட்சத்திர வெயிலில் நாய்களின் குணம் கடுமையாகிறது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். கிணற்றடி ஹதீஸில் அந்த மனிதர் கண்ட அடையாளம் இதுதான். வாசலுக்கு வெளியே, பிள்ளைகள் நடமாடாத ஓரத்தில், ஒரு மண்தொட்டியில் தண்ணீர் வையுங்கள். இதற்கென்று தனிப் பாத்திரம் என்பதால் ஏழு முறை கழுவும் கேள்வியே எழாது. காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், கொசு முட்டையிடாமல் இருக்கும்.

எண்ணிக்கையைக் குறைப்பது தனிமனிதர் கையில் இல்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விட வேண்டும், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7 இல் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது என்றது. 2023 ஆம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை, தடுப்பூசிப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புடையது. கருத்தடை செய்த நாயின் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். ஆகவே மஹல்லாவிலிருந்து பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு மனு கொடுக்கும்போது, "நாய்த் தொல்லை அதிகம்" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெரு, எத்தனை நாய், காதில் வெட்டு இல்லாதவை எத்தனை, எந்த மனையில் குட்டிகள் இருக்கின்றன, மதரஸா விடும் நேரம் என்ன, இதுவரை எத்தனை பேருக்குக் கடி என்று எண்ணிக் குறித்து, ஒரு நகலில் ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.